சான்றிதழ் சுவரில் தொங்குகிறது, ஆள் எங்கே?

வாசகர் கேள்வி-பதில்: மருந்தும் மருந்துக்கடையும்

மருந்துக்கடை, மருந்தாளுநர் படிப்பு, மருந்துச் சட்டம் என்று இந்த முறை நிறையக் கடிதங்கள். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். சிலர் பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருந்ததால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

விழுப்புரம் வாசகர்: டி.ஃபார்ம் (மருந்தாளுநர் டிப்ளமா) முடித்து மாநில ஃபார்மசி கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டேன். வேலை இன்னும் அமையவில்லை. பக்கத்து ஊரில் புதிதாக மெடிக்கல் வைக்கிற ஒருவர், "சர்டிபிகேட்டை மட்டும் கொடு, நீ கடைக்கே வர வேண்டாம், மாசாமாசம் பணம் வந்துவிடும்" என்கிறார். என்னோடு படித்த சிலர் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கலாமா?

தம்பி, கொடுக்காதீர்கள். எவ்வளவு பணம் என்று நீங்கள் எழுதவில்லை, எவ்வளவாக இருந்தாலும் பதில் இதுதான்.

லைசன்ஸ் கடைக்காரர் பெயரில் இருந்தாலும் அதில் ஃபார்மசிஸ்ட் என்று உங்கள் பெயரும் பதிவு எண்ணும் ஏறும். டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கிற மருந்தை பதிவு பெற்ற மருந்தாளுநர் தானே கொடுக்க வேண்டும், அல்லது அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது கொடுக்க வேண்டும் என்று 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65-ஆவது விதி சொல்கிறது. 1948-ஆம் ஆண்டின் ஃபார்மசி சட்டம் 42-ஆவது பிரிவிலும் இதே பேச்சுதான், மீறினால் சிறைத்தண்டனைக்கும் அதில் இடமிருக்கிறது. டிரக் இன்ஸ்பெக்டர் (மருந்துகள் ஆய்வாளர்) வந்த நேரத்தில் நீங்கள் கடையில் இல்லையென்றால் லைசன்ஸை நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம். அது கடைக்காரர் பாடு. உங்கள் பாடு என்னவென்றால், கவுன்சில் விசாரணை வைத்து பதிவேட்டிலிருந்து உங்கள் பெயரையே எடுத்துவிட முடியும், அப்புறம் நீங்கள் படித்த இரண்டு வருடமும் வீண். நாளைக்கு நல்ல ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தாலும் உங்கள் பெயர் ஏற்கெனவே அந்த லைசன்ஸில் மாட்டிக்கொண்டிருக்கும், விடுவிக்கச் சொல்லி நீங்கள்தான் அவர் பின்னால் அலைய வேண்டும்.

சட்டத்தை விடுங்கள், கவுன்ட்டரில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை கொடுப்பார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். டாக்டர் சீட்டில் வாரம் ஒருமுறை என்று சரியாகத்தான் எழுதியிருப்பார். கவுன்ட்டரில் நிற்கிற பையன் பத்தாவது படித்துவிட்டு வேலைக்கு வந்தவன், நாளெல்லாம் அட்டைக்குப் பின்னால் பேனாவால் 1-0-1, 1-0-0 என்று எழுதியே பழகிய கை அது. இதற்கும் 1-0-0, அதாவது தினமும் காலையில் ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிடுவான். அதை வாங்கிப் போகிற அம்மா தினமும் ஒன்று போடுவார். சில நாளில் வாயெல்லாம் புண், சாப்பிட முடியாது, ரத்த அணுக்கள் சரசரவென்று இறங்கும், உயிரே போகலாம். இந்த மாத்திரையைக் கையில் எடுத்ததுமே "இது வாரத்துக்கு ஒன்றும்மா, எந்தக் கிழமை போடுவீங்க?" என்று கேட்பதற்காகத்தான் உங்களைப் படிக்கவைத்தார்கள். கிழமையைக் கேட்டு அதை அட்டையில் எழுதிக் கொடுக்கிற ஒரு ஆள் அங்கே இருந்திருந்தால் இது நடக்காது. அந்த ஆள் நீங்கள். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய காகிதம் கேள்வி கேட்காது.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். மருந்தாளுநர்களுக்குச் சம்பளம் ரொம்பக் குறைவு என்று எல்லோரும் புலம்புகிறோம், அது உண்மையும்கூட. ஆனால் சும்மா மாட்டிவைக்கிற சர்டிபிகேட் குறைந்த காசுக்குக் கிடைக்கிறவரை, பத்து மணி நேரம் நின்று வேலை பார்க்கிற ஃபார்மசிஸ்டுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுக்க எந்த முதலாளிக்கு மனசு வரும்? உங்களோடு படித்த அந்தச் சிலர் உங்கள் சம்பளத்தையும் சேர்த்துத்தான் குறைத்திருக்கிறார்கள்.

அந்தக் கடைக்காரரிடம் திரும்பப் போய், "சர்டிபிகேட்டோடு நானும் வருகிறேன், முழு நேரம் உட்காருகிறேன், என்ன சம்பளம் தருவீர்கள்?" என்று கேளுங்கள். புதுக்கடை, அவருக்கும் மருந்து தெரிந்த ஆள் தேவைதான். ஒத்துவரவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். ஆஸ்பத்திரி மருந்தகங்களும் பெரிய மருந்துக்கடைத் தொடர்களும் ஆள் எடுத்துக்கொண்டேதான் இருக்கின்றன.

தேனி வாசகி: மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நீட் எழுதவில்லை. டி.ஃபார்ம், பி.ஃபார்ம், ஃபார்ம்.டி என்று மூன்று சொல்கிறார்கள், எது நல்லது?

அம்மா, முதலில் நிம்மதியாக இருங்கள், இந்த மூன்றுக்கும் தமிழ்நாட்டில் நீட் வேண்டாம். இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ படித்திருந்தால் போதும். அரசு ஒதுக்கீட்டு பி.ஃபார்ம் இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து, துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வில் நிரப்பப்படுகின்றன. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் அரசு பி.ஃபார்ம் இருக்கிறது. தேனிக்கு மதுரை பக்கம்தான், அதை முதலில் எழுதிப் போடுங்கள்.

டி.ஃபார்ம் இரண்டு வருடம், அதோடு 500 மணி நேரப் பயிற்சி. கடை வைக்கவும் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கவும் இது போதும். குடும்பத்துக்குச் சீக்கிரம் வருமானம் வேண்டும் என்றால் இதுதான். பிறகு விருப்பம் இருந்தால் பி.ஃபார்ம் இரண்டாம் வருடத்தில் நேராகச் சேரலாம், அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. பி.ஃபார்ம் நான்கு வருடம். மருந்துக் கம்பெனி, தரப் பரிசோதனைக் கூடம், பக்கவிளைவுகளைப் பதிவு செய்கிற வேலை, மருந்து ஆராய்ச்சி என்று போகிற பாதைகள் இதில் அதிகம், டிரக் இன்ஸ்பெக்டர் ஆவதற்கும் பட்டப்படிப்பு வேண்டும், டி.ஃபார்ம் போதாது. ஃபார்ம்.டி ஆறு வருடம், கடைசி வருடம் முழுக்க ஆஸ்பத்திரியில். 2008-இல் இந்தியாவில் ஆரம்பித்த படிப்பு இது. டாக்டரோடு வார்டுக்குப் போய் நோயாளியின் மருந்துகளைச் சரிபார்க்கிற கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட் வேலைக்கானது. அருமையான படிப்பு, ஆனால் அந்த வேலையை மதித்து இடம் கொடுக்கிற ஆஸ்பத்திரிகள் நம் ஊரில் இன்னும் குறைவு. வெளிநாடு போகும் எண்ணமும் ஆறு வருடச் செலவைத் தாங்கும் வசதியும் இருந்தால் யோசியுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தவரையில் நான் பி.ஃபார்ம் என்றுதான் சொல்வேன்.

சேர்வதற்கு முன்னால் ஒன்று மட்டும் கட்டாயம் பாருங்கள். அந்தக் கல்லூரிக்கு, அந்தப் படிப்புக்கு, இந்த வருடத்துக்கு இந்திய ஃபார்மசி கவுன்சிலின் அனுமதி இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்திலேயே தேடிப் பாருங்கள், கல்லூரி நோட்டீஸை நம்பாதீர்கள். அனுமதி இல்லாத இடத்தில் படித்தால் பதிவு கிடைக்காது, பதிவு இல்லையென்றால் மருந்தாளுநரே இல்லை. டி.ஃபார்முக்குப் போவதாக இருந்தால் இன்னொன்று, பதிவுக்கு முன்னால் ஒரு எக்ஸிட் தேர்வு எழுத வேண்டும் என்று 2022-இல் விதி கொண்டுவந்திருக்கிறார்கள், அதற்குக் கல்லூரியில் எப்படித் தயார் செய்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

திருப்பூர் வாசகர்: போன வருடம் டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் சீட்டையே கொண்டுபோனேன். ஒரு கடையில் முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். நாலு கடை தள்ளி இன்னொரு கடையில் சீட்டே கேட்காமல் கொடுத்தார்கள். எது சட்டம்?

திருப்பி அனுப்பியவர்தான் சட்டப்படி நடந்தவர். அடுத்த முறை அவர் கடைக்கே போங்கள்.

மருந்து அட்டையை எடுத்து இடது பக்கம் பாருங்கள், மேலிருந்து கீழ் வரை ஒரு சிவப்புக் கோடு ஓடும், மூலையில் ஆர்எக்ஸ் என்ற குறி இருக்கும். அது இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. இவற்றை ஷெட்யூல் எச் என்பார்கள். அமாக்ஸிசிலின், அசித்ரோமைசின் எல்லாம் இதில் வரும். இதற்கும் மேலே எச்1 என்று ஒரு பட்டியல், 2013-இல் அறிவித்து 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது, ஆரம்பத்திலேயே 46 மருந்துகள். செஃபிக்ஸிம், லீவோஃப்ளாக்ஸசின் மாதிரியான ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம், டயசிபாம் போன்ற தூக்க மாத்திரைகள், டிரமடால் எல்லாம் அதில் இருக்கின்றன. இவற்றை விற்றால் எழுதிய டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, எத்தனை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டையிலும் சிவப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை இருக்கும். இன்னும் கடுமையானது ஷெட்யூல் எக்ஸ், கெட்டமின் போன்றவை. அதற்குச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்று இரண்டு வருடம் கடையிலேயே இருக்க வேண்டும், விற்கத் தனி லைசன்ஸே வேண்டும்.

பழைய சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். "மறுபடியும் கொடுக்கலாம்" என்று டாக்டரே எழுதாதவரை ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. இது விதி 65-லேயே இருக்கிறது. மருந்து கொடுத்ததும் கடையின் பெயர், முகவரி, தேதியோடு சீட்டில் டாக்டர் கையெழுத்துக்கு மேலே குறிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. சில கடைகளில் சீட்டில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுப்பார்களே, அது இதற்குத்தான். உங்கள் சீட்டில் போன வருட ஸ்டாம்ப் இருந்திருக்கும், அவர் பார்த்திருப்பார். சர்க்கரை, பிரஷர் மாதிரி வருடக்கணக்கில் சாப்பிடுகிற மருந்து என்றால், எத்தனை மாதத்துக்கு என்று டாக்டரிடம் சீட்டிலேயே எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், அலைச்சல் மிச்சம்.

ஆன்டிபயாடிக் அப்படி இல்லை. போன வருடக் காய்ச்சல் வேறு, இந்த வருடக் காய்ச்சல் வேறு. வைரஸ் காய்ச்சலுக்கு அது ஒன்றும் செய்யாது, ஆனால் உங்கள் உடம்பில் இருக்கிற பாக்டீரியாக்களுக்கு அந்த மருந்து பழகிப்போகும். பிறகு உண்மையாகவே நிமோனியா வருகிற நாளில் சின்ன மாத்திரையில் முடிய வேண்டியது ஐ.சி.யூ. ஊசிவரை போய் நிற்கும்.

பெட்டிக்கடையில் தலைவலி மாத்திரை விற்கிறார்களே, அது எப்படி என்று கரூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஆயிரம் பேருக்கு மேல் இல்லாத கிராமங்களில் பாராசிட்டமால், தைலம், பஞ்சு, பேண்டேஜ் மாதிரி சில வீட்டு மருந்துகளை லைசன்ஸ் இல்லாமல் விற்க விதிகளில் விலக்கு இருக்கிறது. கரூர் டவுனுக்கு அது பொருந்தாது.

நாகர்கோவில் வாசகர்: டாக்டர் எழுதிய கம்பெனி இல்லை, அதே மருந்துதான், வேறு கம்பெனி என்று கொடுக்கிறார்கள். வாங்கலாமா? ஜெனரிக் மருந்து விலை குறைவு என்கிறார்கள், தரம் எப்படி?

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. சட்டப்படி, ஷெட்யூல் எச், எக்ஸ் மருந்துகளில் சீட்டில் எழுதிய தயாரிப்புக்குப் பதிலாக வேறு தயாரிப்பை, உள்ளே அதே மருந்து இருந்தாலும், கடைக்காரர் தானாக மாற்றித் தரக் கூடாது. விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. நடைமுறையில் தினமும் மாறுகிறது. மாற்றுகிறவர்களில் ஸ்டாக் இல்லாமல் மாற்றுகிறவர்களும் உண்டு, லாபம் அதிகம் என்று மாற்றுகிறவர்களும் உண்டு. அதனால் "இல்லை, வேறு" என்று சொன்னால் டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு வாங்குங்கள். வலிப்பு மருந்து, தைராய்டு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற வார்ஃபரின் இவற்றில் கம்பெனியை மாற்றவே மாற்றாதீர்கள், டாக்டர் சொன்னால் தவிர. அளவில் சின்ன வித்தியாசம்கூட இவற்றில் காட்டிக்கொடுத்துவிடும்.

டாக்டரே கம்பெனி வைத்த பெயருக்குப் பதிலாக மருந்தின் மூலப் பெயரை, அதாவது ஜெனரிக் பெயரை எழுதினால் பிரச்சினையே இல்லை. எழுதச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. அந்தச் சீட்டோடு மக்கள் மருந்தகத்துக்கோ, 2025 பிப்ரவரி 24-இல் தமிழ்நாடு முழுக்க ஆயிரம் இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகத்துக்கோ போகலாம். மக்கள் மருந்தகம் 2008-இல் ஆரம்பித்த மத்திய அரசுத் திட்டம். இவற்றில் சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் மாத்திரைகள் வெளியில் விற்கிற பிராண்டுகளின் விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கும். தரத்தைப் பற்றி ஒரேயடியாக நல்லது, கெட்டது என்று சொல்ல மாட்டேன். கம்பெனிப் பெயர் பெரிதாக இருந்தும் பரிசோதனையில் தோற்ற மருந்துகள் உண்டு, பெயரே தெரியாத கம்பெனியின் மருந்து நன்றாக வேலை செய்வதும் உண்டு. என் வீட்டுப் பெரியவர்களுக்கு மெட்ஃபார்மினும் அம்லோடிபினும் ஜெனரிக்கில்தான் வாங்குகிறோம். மாற்றிய முதல் மாதத்தில் சர்க்கரையையும் பிரஷரையும் ஒருமுறை கூடுதலாகப் பார்த்துக்கொண்டோம், நீங்களும் அதைச் செய்யுங்கள்.

விலைக்கு ஒரு சின்ன விளக்கம். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் (2022 பட்டியலில் 384 மருந்துகள்) வருகிறவற்றுக்கு தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு வைக்கிறது, கடைக்காரருக்கு 16 சதவீத லாபம் அந்தக் கணக்கிலேயே சேர்ந்திருக்கும். பட்டியலில் இல்லாதவற்றை கம்பெனியே விலை வைக்கலாம், ஆனால் வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, உயிர்காக்கும் மருந்துகள் 36-க்கு வரியே இல்லை. நீங்கள் வாங்குகிற மருந்துக்கு உச்சவரம்பு என்ன என்று ஆணையத்தின் ஃபார்மா சஹி தாம் செயலியில் பெயர் போட்டுப் பார்க்கலாம்.

அறந்தாங்கி வாசகி: நான் பி.காம். படித்தவள். மெடிக்கல் ஷாப் வைக்க முடியுமா?

முடியும். உரிமையாளர் மருந்தாளுநராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, கடை திறந்திருக்கும் நேரம் முழுக்க பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவர் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. சில்லறைக் கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடம், அதாவது சுமார் 108 சதுர அடி, ஊசி, இன்சுலின், தடுப்பு மருந்துக்கு ஃபிரிட்ஜ், கரன்ட் போனால் அது குளிர்ச்சியாகவே இருக்க ஏற்பாடு, வாடகை ஒப்பந்தம், மருந்தாளுநரின் சம்மதக் கடிதம், இவையெல்லாம் வேண்டும். படிவம் 20, 21 என்று இரண்டு லைசன்ஸ் கிடைக்கும். ஒருமுறை கிடைத்தால், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறவரை அது தொடரும்.

மருந்தாளுநர் சம்பளத்தை முதல் செலவாக எழுதிக்கொண்டு பிறகு மற்றக் கணக்கைப் போடுங்கள். அதைப் போட்ட பிறகு கட்டுப்படியாகவில்லை என்றால் அந்த இடத்தில் கடை வேண்டாம், வேறு இடம் பாருங்கள். இதே பக்கத்தில் விழுப்புரம் தம்பிக்கு எழுதியிருப்பதையும் படித்துவிடுங்கள். உங்களைப் போன்றவர்கள் முழு நேர ஆளை வைத்தால்தான் அவரைப் போன்றவர்களுக்கு வழி பிறக்கும்.

ஓசூர் வாசகி: குழந்தைக்கு மூன்று வயது. இருமல் மருந்துகளால் குழந்தைகள் இறந்ததைக் கேட்டதிலிருந்து எந்த சிரப்பைக் கொடுக்கவும் பயமாக இருக்கிறது.

பயப்படாமல் எப்படி இருக்க முடியும். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சிறுநீரகம் செயலிழந்து பறிகொடுத்தார்கள். காரணமான கோல்ட்ரிஃப் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்ததில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. இருக்கலாம் என்று விடுகிற அளவே 0.1 சதவீதம்தான். சிரப்பைக் குழகுழவென்று ஆக்கச் சேர்க்கிற கரைப்பானில் தொழிற்சாலைத் தரச் சரக்கை வாங்கி, சோதிக்காமல் ஊற்றினால் இதுதான் நடக்கும். புதிதல்ல, 1972-இலேயே சென்னையில் இதே நச்சுக்குக் குழந்தைகள் பலியாகியிருக்கிறார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் வாங்குகிற ஒவ்வொரு டிரம்மையும் சோதிக்க வேண்டும் என்ற சாதாரண விஷயம் நடக்கவில்லை என்பதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

உங்கள் வீட்டுக்கு வருவோம். இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து தரவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை என்றுதான் மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்துகளை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023-இலேயே உத்தரவு இருக்கிறது. சாதாரணச் சளி தானாகவே சரியாகும். வெதுவெதுப்பான தண்ணீர், மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, நல்ல ஓய்வு போதும். மூச்சு வேகமாக வாங்கினாலோ, நெஞ்சு உள்ளே இழுத்தாலோ, பால், சாப்பாடு இறங்கவில்லை என்றாலோ உடனே டாக்டர்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் சிரப் தேவைப்படும்தான், அதில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே பிராண்டில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் ஒன்று, 250 ஒன்று என்று இரண்டு வரும், டப்பா பார்க்க ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும், சொட்டு மருந்து இன்னும் அடர்த்தி. போன முறை கொடுத்த அதே 5 மில்லியை இந்த முறை வேறு பாட்டிலில் ஊற்றினால் அளவு இரண்டு மடங்காகிவிடும். குழந்தையின் எடையைச் சொல்லி, கையில் இருக்கிற பாட்டிலைக் காட்டி, எத்தனை மில்லி என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். சமையல் கரண்டியில் ஊற்றாமல் கூடவே வருகிற மூடியிலோ சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள்.

சிதம்பரம் வாசகர்: அட்டையில் எக்ஸ்பயரி மாதம் மட்டும் போட்டிருக்கிறது, தேதி இல்லை. முதல் தேதியா, கடைசித் தேதியா?

அந்த மாதத்தின் கடைசி நாள் வரை. அரை அட்டை வெட்டி வாங்கும்போது எக்ஸ்பயரி அச்சடித்த பக்கம் கடையிலேயே தங்கிவிடும், அதனால் பில் வாங்குங்கள், பில்லில் பேட்ச் எண் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்ற எண்) இருக்கும். கண் சொட்டு மருந்தைத் திறந்துவிட்டால் அட்டைத் தேதி கணக்கில்லை, ஒரு மாதத்தில் தூக்கிப் போடுங்கள். திறந்த இன்சுலின் பாட்டில் பொதுவாக நான்கு வாரம்.

சேலம் வாசகர்: ஆன்லைனில் மருந்து வாங்குவது சட்டபூர்வமானதா?

1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தில் ஆன்லைன் கடைக்கு எங்கே இடமிருக்கப் போகிறது? 2018-இல் மத்திய அரசு வரைவு விதி ஒன்றைக் கொண்டுவந்தது. அதே வருடம் டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி, விதி வரும்வரை ஆன்லைன் விற்பனையை நிறுத்தச் சொன்னார். அடுத்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது. வரைவு வரைவாகவே கிடக்கிறது, வியாபாரம் நடந்துகொண்டிருக்கிறது. வாங்குகிறீர்கள் என்றால் பில்லில் எந்தக் கடையிலிருந்து வந்தது, லைசன்ஸ் எண் என்ன என்று பாருங்கள். இவை இல்லாத பார்சலைத் திருப்பி அனுப்புங்கள். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய மருந்தை ஆன்லைனில் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து, வெயிலில் வண்டியில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்?

தஞ்சாவூர் வாசகர்: ஒரு மாத்திரை சாப்பிட்டதும் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. கடையில் கேட்டால் மருந்து உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். எனக்கு மருந்தே போலியோ என்று சந்தேகம். யாரிடம் சொல்வது?

ஒவ்வாமையா, மருந்தில் கோளாறா என்பது பார்த்தால் தெரியாது, இரண்டு வழியும் உங்களுக்கு இருக்கிறது. முதலில் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு எழுதிய டாக்டரைப் பாருங்கள், மருந்தின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், இனி எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்ட வேண்டும். பக்கவிளைவைப் பதிவு செய்ய நாடு முழுவதுக்கும் கட்டணமில்லா எண் இருக்கிறது, 1800 180 3024. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, நீங்களே சொல்லலாம். இப்படி வருகிற தகவல்களை வைத்துத்தான் ஒரு மருந்தின் எச்சரிக்கையை மாற்றவோ தடை செய்யவோ முடிவெடுக்கிறார்கள்.

போலி என்ற சந்தேகத்துக்கு, மிச்ச மாத்திரைகளை அட்டையோடு, பில்லோடு எடுத்துவைத்து உங்கள் மாவட்ட மருந்துகள் ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அவரால் அந்தக் கடையிலிருந்தே அதே பேட்ச்சில் மாதிரி எடுக்க முடியும். அதிகம் விற்கிற 300 பிராண்டுகளுக்கு, 2023 ஆகஸ்ட் 1-க்குப் பிறகு தயாரானவற்றில், க்யூஆர் கோடு கட்டாயம். உங்கள் மருந்து அதில் ஒன்று என்றால் போனில் ஸ்கேன் செய்து, வருகிற பேட்ச் எண்ணும் தேதியும் அட்டையில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஆய்வாளர் தாமதித்தால் இன்னொரு வழியும் உண்டு. மருந்துச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி, கட்டணம் கட்டி, வாங்கிய மருந்தை அரசுப் பகுப்பாய்வாளரிடம் யார் வேண்டுமானாலும் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை வாங்கலாம். பில் இல்லாமல் இவற்றில் எதுவும் நிற்காது, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. உங்களிடம் பில் இருக்கிறதா என்று கடிதத்தில் எழுதவில்லை. இல்லையென்றால் இன்றே கடைக்குப் போய் நகல் கேளுங்கள், கம்ப்யூட்டர் பில் போடுகிற கடை என்றால் தேதியைச் சொன்னாலே எடுத்துவிடலாம்.